இஸ்தான்புலில் ஒரு லீக் மேட்ச்: எந்த டீம், எந்த ஸ்டாண்ட், மகளை அழைத்துப் போகலாமா?

மழைக்குருவி:

வணக்கம் நண்பர்களே. ஏப்ரல் கடைசியில் இஸ்தான்புல் போகிறோம். நான், மனைவி, பதினைந்து வயது மகள். ஹாகியா சோஃபியா, டோப்காப்பி அரண்மனை, கிராண்ட் பஜார் என்று மனைவி போட்டிருக்கும் பட்டியல் பெரிசு. மகளுடையதில் ஒரே வரிதான்: ஒரு மேட்ச். பள்ளி டீமில் கோல்கீப்பர் அவள். துருக்கி லீக் கிளிப்புகளை போனில் பார்த்துப் பார்த்து, பந்து எப்படிப் போனாலும் பரவாயில்லை, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வேண்டும் என்கிறாள்.

எனக்குத்தான் கொஞ்சம் பயம். 2023 டிசம்பரில் ஒரு கிளப் தலைவரே மைதானத்துக்குள் போய் ரெஃப்ரியைக் குத்தினாரே, அந்த வீடியோ மனதில் நிற்கிறது. இணையத்தில் தேடினால் ‘நரகத்துக்கு நல்வரவு’ என்று எழுதிய பழைய பேனர் படம்தான் முதலில் வருகிறது. இன்னொரு பக்கம், போவதே ஒரு தடவை, அப்படியே கலாட்டாசராய் - ஃபெனர்பாஹ்ச்சே டெர்பி (ஒரே ஊர்ப் போட்டியாளர்கள் மோதுவது) மாதிரி பெரிய மேட்சாகப் பார்த்துவிடலாமா என்ற ஆசையும் இருக்கிறது.

டிக்கெட்டுக்கு ஏதோ கார்டு வேண்டுமாம், அது வெளிநாட்டுக்காரருக்குக் கிடைக்குமா? எந்த ஸ்டாண்டில் உட்காருவது? மனைவிக்குக் கால்பந்தில் துளியும் ஆர்வமில்லை, அவருக்கு அங்கே ஏதாவது இருக்குமா? போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

போஸ்பரஸ் கரை:

அங்கேயே இருக்கிற ஆள் நான். வேலைக்காக வந்து, ஆபீஸ் பெஷிக்டாஷ் பகுதியில் அமைந்துவிட்டதால் அந்தப் பேட்டையின் கிளப்பான பெஷிக்டாஷின் கறுப்பு-வெள்ளைக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். இங்கே அது பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் வாரமே பக்கத்து மேஜைக்காரர் கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும்.

ரெஃப்ரி விஷயத்தை முதலில் தள்ளி வைத்துவிடுகிறேன். அது டிசம்பர் 11, அங்காராவில் நடந்தது. அடித்தவர் கிளப்பின் தலைவர். மறுநாளே கைது, லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். இங்கே பதவியில் இருப்பவர்கள்தான் அவ்வப்போது நிதானம் இழக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு வந்து உட்கார்கிறவன் பாவம், கத்திவிட்டு வீட்டுக்குப் போகிறான். அந்தப் பேனர் 1993-இல் மான்செஸ்டர் யுனைடெட் வந்தபோது கலாட்டாசராய்க்காரர்கள் பிடித்தது. அந்தப் பழைய ஸ்டேடியமே இப்போது கிடையாது. ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2000-இல் இதே ஊரில் லீட்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் தெருச் சண்டையில் கொல்லப்பட்டார்கள். அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

டெர்பி வேண்டாம். கிடைக்காது என்பதற்காகச் சொல்லவில்லை, யாராவது கையில் திணித்தாலும் வேண்டாம். டெர்பி அன்று கேலரியில் யாரும் சந்தோஷமாக இருப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒரு த்ரோ-இன்னுக்குக் கூட எழுந்து நெஞ்சைப் பிடிப்பார்கள். பக்கத்தில் நீங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. விருந்துக்குப் போகிறவர் வீட்டுக்காரருக்குப் பேச நேரமுள்ள நாளாகப் பார்த்துப் போவதில்லையா, அந்தக் கணக்குதான். புள்ளிப் பட்டியலில் நடுவில் கிடக்கும் ஏதோ ஒரு டீம் வருகிற சாதாரண சனி, ஞாயிறு மேட்சைப் பிடியுங்கள். அன்றைக்கும் முழு ஸ்டேடியமும் பாடும், ஆனால் பாட்டுக்கு நடுவில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் மகளுக்குப் பாட்டின் வார்த்தையைச் சொல்லிக் கொடுக்க நேரம் இருக்கும்.

கார்டு. அதன் பெயர் பாஸோலிக். 2014-இல் கொண்டு வந்தார்கள். டிக்கெட் எல்லாம் ஆளின் அடையாளத்தோடு இந்தக் கார்டில் ஏறும். அது வந்த புதிதில் ரசிகர்கள் கொதித்துப்போய் மேட்சுக்கே வராமல் இருந்தார்கள், பாதிக் கேலரி காலியாகக் கிடந்தது. எங்கள் ஆபீஸ் பெரியவர் ஒருவர் இன்னும் அதைத் திட்டிக்கொண்டேதான் கதவில் கார்டைக் காட்டுவார். வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிந்து வாங்கலாம். ஒருவருக்கு ஒரு கார்டு, உங்கள் மகளுக்கும் தனியாக. பதியும்போது எந்த கிளப் என்று கேட்கும், போகப்போகும் மேட்சின் சொந்த மைதான டீமையே போடுங்கள். பெரிய மேட்ச் என்றால் பெரும்பாலும் அந்த கிளப் கார்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் முதலில் திறப்பார்கள். டிக்கெட் வாங்குவது, பெயர் மாற்றுவது எல்லாம் பாஸோ என்ற டிக்கெட் தளத்திலேயே, அதன் ஆப்பிலேயே.

இதைத் தாண்டி வேறு எந்த வழியிலும் வாங்காதீர்கள். கேட்டுக்கு வெளியே மெல்லிய குரலில் ‘டிக்கெட், டிக்கெட்’ என்று ஒருவர் வருவார். போனில் டிக்கெட் கோடு (code) ஒன்றை அனுப்பிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். மேட்ச் நாளில் டர்ன்ஸ்டைலில் சிவப்பு விளக்கு எரிய, பின்னால் ஐம்பது பேர் கத்த, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் வெளிநாட்டு ஜோடியை நான் பார்க்காத மாதம் இல்லை. கோடு உண்மையானதாகவே இருக்கலாம். பெயர் வேறு ஆளுடையது, அவ்வளவுதான்.

எந்த டீம் என்றால், என் கட்சியைத்தான் சொல்வேன், ஆனால் காரணம் இருக்கிறது. பெஷிக்டாஷ் ஸ்டேடியம் ஊருக்குள்ளேயே, டோல்மாபாஹ்ச்சே அரண்மனைக்கு எதிரே இருக்கிறது. அந்த இடமே ஒரு காலத்தில் அரண்மனையின் குதிரை லாயம். உங்கள் மனைவிக்கு அங்கேதான் பதில். பகலில் அரண்மனை, சாயங்காலம் மேட்ச், நடுவில் ஒரு சாலை மட்டும். அரண்மனையில் துருக்கிக் குடியரசை நிறுவிய அட்டாடர்க் இறந்த அறையில் கடிகாரம் 9.05-இல் நிற்கும், அதைப் பார்க்கிற கூட்டத்திலேயே கறுப்பு-வெள்ளை ஸ்கார்ஃப் போட்ட அப்பா, பையன் நாலு பேரைப் பார்ப்பீர்கள். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

மேட்சுக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரம் முன்னால் பெஷிக்டாஷ் சந்தைப் பகுதிக்குப் போய்விடுங்கள். மீன் கடைகளுக்குப் பக்கத்தில் கழுகுச் சிலை ஒன்று இருக்கும், கழுகுதான் கிளப்பின் சின்னம். சார்ஷி என்ற ரசிகர் குழுவின் பெயரே இந்தச் சந்தையிலிருந்து வந்தது. 1982-இல் ஆரம்பித்தது. எதற்கும் எதிர்ப்பு என்பதுதான் அவர்கள் கொள்கை, எதிர்க்க எதுவும் கிடைக்காத வாரத்தில் தங்களையே எதிர்த்து பேனர் பிடிப்பார்கள். சிலையைச் சுற்றிப் பாடிக்கொண்டே கூட்டம் சேரும், அப்புறம் மெல்ல ஸ்டேடியம் பக்கம் நகரும். ஒரு பக்கம் அரண்மனைச் சுவர், மேலே மரங்கள். சத்தம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். மேட்சே பார்க்காமல் இந்த நடையை மட்டும் நடந்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. (மேட்ச் சில வாரம் அப்படித்தான் இருக்கும்.)

வழியில் கொஃப்தே ரொட்டி விற்பார்கள், அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே பெரிதாக ஒன்றும் கிடைக்காது, பீர் கிடையவே கிடையாது. கேட்டில் லைட்டர், பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், சில சமயம் சில்லறைக் காசு வரை எடுத்துப் போட்டுவிடுவார்கள், திரும்பி வராது. பவர் பேங்க்கை ரூமிலேயே வையுங்கள்.

ஸ்டாண்ட். கோலுக்குப் பின்னால் இருப்பதை இங்கே ‘காலே அர்காசி’ என்பார்கள். பாட்டு, மேளம் எல்லாம் அங்கே. அதற்குள் போகாதீர்கள். அங்கே சீட் நம்பருக்கு அர்த்தமில்லை, தொண்ணூறு நிமிஷமும் நிற்க வேண்டும், கொடிக்குப் பின்னால் இருந்தால் ஒரு கோலும் தெரியாது. பக்கவாட்டு ஸ்டாண்டில், அந்த மூலைக்கு ஒட்டிய பிளாக்காக எடுங்கள். அங்கிருந்து மைதானமும் தெரியும், கூட்டமும் தெரியும். உங்கள் மகள் சொன்னாளே, கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று, அதற்குள்ளேயே நின்றால் அது தெரியாது.

அவளை அமிகோவைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டை நடத்துகிற ஆளுக்கு இங்கே அப்படித்தான் பெயர். வேலிக் கம்பியில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். மேட்ச் முழுக்க அப்படித்தான். ஆயிரக்கணக்கான முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், பந்தை இல்லை. கோல் விழுந்ததே முன்னால் இருக்கும் முகங்கள் மாறுவதை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். ஒரு தடவை அவர் கையை மேலே தூக்கினார், மொத்த மூலையும் சட்டென்று அடங்கியது. எதிர்ப்பக்க ஸ்டாண்டை விரலால் சுட்டி ‘சியா’ என்றார்கள் இந்தப் பக்கம், கறுப்பு என்று. அரை நொடி கழித்து அங்கிருந்து ‘பெயாஸ்’ வந்தது, வெள்ளை. அப்படியே மாறி மாறி. நடுவில் கார்னர் கிக் எடுக்க நின்ற பையன் பந்தைக் கீழே வைத்துவிட்டு முடியும்வரை காத்திருந்தான் என்று நான் சொல்வேன், அவன் வேறு ஏதோ காரணத்துக்கு நின்றிருக்கலாம்.

எதிர் டீமிடம் பந்து போனதும் மொத்தக் கூட்டமும் விசிலடிக்கும். முதல் தடவை காது கூசும். பத்து நிமிஷத்தில் விசில் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பீர்கள், நம்மவர்களிடம் பந்து வந்துவிட்டது என்று.

மேட்ச் தொடங்கும் முன் தேசிய கீதம் போடுவார்கள், லீக் மேட்சுக்கும் உண்டு. எழுந்து நேராக நில்லுங்கள், அந்த நேரத்தில் போனைத் தூக்காதீர்கள். பொதுவாகவே போனை மைதானத்தின் பக்கம் திருப்புங்கள், ஆட்களின் முகத்தில் வேண்டாம். காலே அர்காசி பக்கம் ஜூம் பண்ணிப் படம் எடுப்பது அவர்களுக்குப் பிடிக்காது. இந்தக் கார்டு வந்த பிறகு எவன் எதற்குப் படம் எடுக்கிறான் என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு.

அப்புறம் நிறம். மஞ்சள்-சிவப்பு கலாட்டாசராய், மஞ்சள்-நீலம் ஃபெனர்பாஹ்ச்சே. மஞ்சள்-சிவப்பு சேர்ந்த சட்டை, மஞ்சள்-நீலம் சேர்ந்த சட்டை, இரண்டையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். சாம்பல் ஸ்வெட்டர் போதும். ஏப்ரலில் ராத்திரி கடல் காற்று குளிரும்.

நீண்டுவிட்டது. ஒன்றே ஒன்று மகளுக்காக. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதே மாதம் 26-ஆம் தேதி அன்டல்யாஸ்போர் இங்கே வந்தபோது, ஆட்டம் 4 நிமிஷம் 17 நொடியில் நின்றது. நிலநடுக்கம் வந்தது விடியற்காலை 4.17-க்கு. நாலு பக்கத்திலிருந்தும் பொம்மைகள் மைதானத்துக்குள் வந்து விழுந்தன. கரடி, முயல், ஸ்கார்ஃப், எல்லாம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அனுப்ப. நான் டிவியில்தான் பார்த்தேன். யூடியூபில் இருக்கிறது, வருவதற்கு முன்னால் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

சிவப்புச் சிங்கம்:

போஸ்பரஸ் அண்ணன் அரண்மனை, மீன்கடை, கடிகாரம் எல்லாம் காட்டிவிட்டார். கோப்பையைப் பற்றி மட்டும் பேசவில்லை, ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். 2000-இல் ஆர்சனலைப் பெனால்டியில் வென்று யூஃபா கோப்பையை இந்த ஊருக்குக் கொண்டு வந்தது யார்? எங்கள் கலாட்டாசராய்!

சத்தம் வேண்டுமென்றால் செய்ரான்டெபே வாருங்கள், எங்கள் ஸ்டேடியம் அங்கேதான். 2011 மார்ச் 18, ஃபெனர்பாஹ்ச்சேக்கு எதிரான மேட்சில் 131.76 டெசிபல் என்று கின்னஸ் பதிந்தது. பின்னால் அமெரிக்காவில் அவர்கள் பாணிக் கால்பந்துக்காரர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள், அது வேறு ஆட்டம், நான் கணக்கில் எடுப்பதில்லை.

டெர்பி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. டெர்பியின் கதை தெரியாமல் இந்த ஊர்க் கால்பந்து புரியாது. 1996 ஏப்ரல் 24, துருக்கிக் கோப்பை ஃபைனலின் இரண்டாவது ஆட்டம் ஃபெனர்பாஹ்ச்சே மைதானத்தில். எக்ஸ்ட்ரா டைமில் கோல் போட்டு கோப்பையை நாங்கள் எடுத்தோம். எங்கள் கோச் கிரேம் சூனெஸ், ஸ்காட்லாந்துக்காரர், ஒரு பெரிய மஞ்சள்-சிவப்புக் கொடியை வாங்கிக்கொண்டு நேராக மைதானத்தின் நடு வட்டத்துக்கு ஓடிப்போய் நட்டுவிட்டார். எதிரியின் வீட்டு முற்றத்தில்! அதைச் சொல்லாமல் இங்கே எவனும் டெர்பியைப் பற்றி ஆரம்பிக்க மாட்டான்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டேடியம் ஊருக்கு வெளியே, ஹைவே ஓரம். எம்2 மெட்ரோவில் சனாயி மஹல்லெசியில் இறங்கி செய்ரான்டெபே கிளையில் மாற வேண்டும். சுற்றிலும் நடந்து பார்க்க எதுவுமில்லை. மேடத்துக்கு போர் அடிக்கும்.

மழைக்குருவி:

போஸ்பரஸ் சார், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. சிங்கத்துக்கும் நன்றி. மகள் கொடி நட்ட வீடியோவைத் தேடி எடுத்து, சாப்பாட்டு மேஜையில் எங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டியாயிற்று.

மனைவி கேட்கச் சொன்ன கேள்வி: பெண்கள் எவ்வளவு பேர் வருவார்கள்? சோதனை எப்படி இருக்கும்? கூட்டத்தில் தொந்தரவு ஏதாவது? ஆண்கள் சொல்லும் பதில் வேண்டாம், போன பெண்கள் யாராவது சொன்னால் நம்புவேன் என்கிறார்.

மஞ்சள்நீலம்:

மேடத்துக்கு நான் சொல்கிறேன். நான் போனது எதிர்க் கரையில், கடிக்கோய் பகுதியில், ஃபெனர்பாஹ்ச்சே மேட்ச். வேலை விஷயமாக வந்தபோது தனியாகத்தான் போனேன். கரகோய் படகுத்துறையிலிருந்து படகில் ஏறினால் இருபது நிமிஷத்தில் அந்தப் பக்கம். படகிலேயே ரசிகர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். டீக்காரர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதிக்கிற ஆட்களுக்கு நடுவில் ஒரு சொட்டு சிந்தாமல் வந்தார். இறங்கி எல்லோர் பின்னாலும் நடந்தேன், வழி கேட்கவே தேவைப்படவில்லை. யோகுர்ட்சு பூங்காவில் அலெக்ஸ் டி சூசா சிலை இருக்கிறது. பிரேசில்காரர், கிளப்பில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ரசிகர்கள் 2012-இல் வைத்தது. அதன் காலடியில் உட்கார்ந்து ஒரு குடும்பம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

சோதனைக்குப் பெண்களுக்குத் தனி வரிசை, பெண் பாதுகாவலர்கள். என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சென்ட் பாட்டில் போச்சு. சின்னப் பையோடு, முடிந்தால் பையே இல்லாமல் போவது நல்லது.

பக்கவாட்டு ஸ்டாண்டில் பெண்கள் நிறையவே இருந்தார்கள். கல்லூரிப் பெண்கள் கும்பலாக, அம்மா-மகள் ஜோடிகள், ஒரு கைக்குழந்தை கூட. இந்த கிளப்புக்கு அதில் ஒரு வரலாறும் உண்டு. 2011-இல் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதற்காக இவர்களுக்குத் தண்டனை கொடுத்தார்கள். காலி ஸ்டேடியத்தில் ஆடச் சொல்வதற்குப் பதிலாக ஆண்களுக்கு மட்டும் தடை, பெண்களுக்கும் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் இலவசம் என்றார்கள். செப்டம்பர் 20, மனிஸாஸ்போருடன் மேட்ச். 41 ஆயிரத்துக்கும் மேல் வந்தார்கள்! வந்த எதிர் டீமுக்கு விசிலுக்குப் பதில் கைதட்டு கிடைத்தது, ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்குப் பூ வீசினார்கள். 1-1 டிரா.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி. மடியில் பேப்பர் பொட்டலத்தில் சூரியகாந்தி விதை. முன்பல்லால் ஓட்டைப் பிளந்து, பருப்பை எடுத்து, தோலைக் காலடியில் போடுவது ஒரே அசைவு, கண் பந்தை விட்டு நகராது. இடைவேளைக்குள் அவர் செருப்பைச் சுற்றித் தோல் ஒரு விரல் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. என் கையில் ஒரு பிடி கொட்டினார். நான் ஒன்றைப் பிளப்பதற்குள் அவர் ஆறு தின்றுவிட்டு என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். மகனும் மருமகளும் அடுத்த சீட்டில். மருமகள் ஆங்கிலம் பேசினார், ஆட்டத்தைவிட மாமியாரைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று அப்புறம் தெரிந்தது. எங்களுக்கு ஒரு பெனால்டி கொடுக்கவில்லை. கோலுக்குப் பின்னாலிருந்து வசைப்பாட்டு ஒன்று கிளம்பியது. எழுபது வயதுப் பாட்டி எழுந்து நின்று, விரலை நீட்டி, முழு வசனமும் பாடினார். மருமகள் அவர் முந்தானை, ஸ்கார்ஃபைத்தான் சொல்கிறேன், அதைப் பிடித்து இழுத்தார். கெட்ட வார்த்தை கோஷத்துக்கு இங்கே தண்டனை உண்டாம். எந்த பிளாக்கிலிருந்து வந்ததோ, அந்த பிளாக்கில் இருந்தவர்களின் கார்டெல்லாம் அடுத்த சொந்த மைதான மேட்சுக்குச் செல்லாது. ‘போன மாசம் இவரால்தான் நாங்கள் வீட்டில் உட்கார்ந்தோம்’ என்றார் மருமகள். உண்மையோ, மாமியார் மேல் போட்ட பழியோ!

தொந்தரவு என்று எனக்கு எதுவும் நடக்கவில்லை. வெளியே வரும் வழியில் நெருக்கம் அதிகம், அதுதான் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். ஓரமாக நின்று கூட்டம் கலைந்த பிறகு நடந்தேன். மேடம் தைரியமாகப் போகலாம். மகளுக்கு மொழி தெரியாதது ஒரு வகையில் நல்லதுதான்.

சிவப்புச் சிங்கம்:

அந்தப் பாட்டி எங்கள் கட்சிக்கு வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மழைக்குருவி:

மனைவி இதை இரண்டு தடவை வாசித்தார். ‘சரி, போகலாம்’ என்று சொல்லிவிட்டார். அரண்மனை + மேட்ச் திட்டம்தான் பிடித்திருக்கிறது, ஆக பெஷிக்டாஷ். (மஞ்சள்நீலம் கோபிக்க வேண்டாம். படகுப் பயணம் வேறு ஒரு நாளில் உண்டு.)

இப்போது நடைமுறைச் சந்தேகம். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, ஆனால் அந்த வாரம் மேட்ச் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எந்தத் தளத்திலும் உறுதியாக இல்லை. முடிந்ததும் ராத்திரி எப்படித் திரும்புவது? நாங்கள் தங்குவது சுல்தான்அஹ்மத் பக்கம்.

போஸ்பரஸ் கரை:

தேதி குழப்பம் இயல்புதான். எந்த வாரம் யாரோடு யார் என்பது சீசன் ஆரம்பத்திலேயே வந்துவிடும். நாளும் மணியும் மட்டும் சில வாரம் முன்னால்தான் அறிவிப்பார்கள். வெள்ளி முதல் திங்கள் வரை எதுவும் ஆகலாம். அதனால் அந்த நாலு ராத்திரிக்கும் வேறு முன்பதிவு எதுவும் போடாதீர்கள். பெஷிக்டாஷ் அந்த வாரம் வெளியூரில் ஆடினால் கடிக்கோய், அதுவும் இல்லையென்றால் காஸிம்பாஷா. பின்னது சின்ன ஸ்டேடியம், பேயோலு சரிவில், வீடுகளுக்கு நடுவில். துருக்கி அதிபர் எர்தோகான் வளர்ந்த பேட்டை, ஸ்டேடியத்துக்கும் அவர் பெயர்தான். சத்தம் குறைவு, ஆனால் கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுவது வரை காதில் விழும். உங்கள் மகளுக்கு அது ஒரு பாடம்.

கார்டைக் கிளம்புவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

உள்ளே சீக்கிரம் போய்விடுங்கள், ஒரு மணி நேரம் முன்னாலாவது. கோல்கீப்பர்கள்தான் முதலில் வார்ம்-அப்புக்கு வருவார்கள், மற்றவர்கள் அப்புறம். சொந்த கீப்பர் படியேறி வெளியே வரும்போது, பாதி காலியாக இருக்கிற ஸ்டேடியமும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். எதிர் கீப்பருக்கு விசில். இங்கே கீப்பர்களுக்குத் தனி மரியாதை உண்டு. ருஷ்து ரெச்பர் என்று ஒருவர், கண்ணுக்குக் கீழே கறுப்பு மை பூசிக்கொண்டு நிற்பார், 2002 உலகக் கோப்பையில் துருக்கி மூன்றாம் இடம் வந்த டீமின் கீப்பர். ஃபெனர்பாஹ்ச்சேயில் பல வருஷம் ஆடிவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்தார். அதை இரண்டு கட்சியும் இன்னும் வேறு வேறு மாதிரி சொல்லும்.

திரும்பும் வழி. சுல்தான்அஹ்மத்துக்கு டி1 டிராம் கபாடாஷிலிருந்து போகிறது. ஸ்டேடியத்திலிருந்து பத்து நிமிஷ நடை. அதனால் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். விசில் அடித்ததும் எழாதீர்கள். ஜெயித்திருந்தால் ஆட்டக்காரர்கள் கோலுக்குப் பின்னால் போய் வரிசையாக நின்று ரசிகர்களோடு மூன்று முறை கை தூக்கி முழங்குவார்கள், அதைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். தோற்றிருந்தால் இன்னும் நல்லது, ஸ்டேடியம் அஞ்சு நிமிஷத்தில் காலி. வெளியே வந்து கடல் ஓரமாக மெல்ல நடந்தால் டிராம் ஸ்டாப்புக்குப் போவதற்குள் முதல் ரெண்டு வண்டிக் கூட்டம் போயிருக்கும். இஸ்தான்புல்கார்ட்டில் மூன்று பேருக்கும் பணம் ஏற்றி வையுங்கள், அந்த நேரத்தில் மெஷின் முன்னால் வரிசை நீளம். டாக்சி வேண்டாம். மேட்ச் முடிந்த நேரத்தில் அந்தக் கடலோரச் சாலையில் நகரவே நகராது, மீட்டர் மட்டும் நகரும்.

நாள் அறிவித்ததும் இங்கே போடுங்கள். பாஸோவில் ஸ்டாண்ட் பிளான் திறந்ததும் எந்த பிளாக் என்று சொல்கிறேன். சொந்த கீப்பர் வார்ம்-அப் பண்ணும் பக்கமாகப் பார்த்து எடுக்கலாம்.